மடியில் தாள் இருந்தால் வழியில் பயமில்லை

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க? நான் அப்ப தேர்ட் இயர். ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். கூத்தாநல்லூர்ல எங்க தெருவுல அன்னைக்கு எல்லா வீட்டு டிவியிலும் ஒரே செய்தி. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. ஏறக்குறைய 140 பயணிகள். போயிங் 737-ல் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்துதான் தீர்க்கணும். அதனால ரெண்டரை மணி நேரம் திருச்சி பக்கத்திலேயே வட்டமடிச்சாங்க. ராத்திரி எட்டேகால் வாக்கில் பத்திரமா இறக்கினாங்க.

எங்க ஊர்ல இது வெறும் செய்தி இல்ல. வீட்டுக்கு ஒரு சபுராளி இருக்கிற ஊர். சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு யாராவது ஒருத்தர் எப்பவும் போயிட்டோ வந்துட்டோ இருப்பாங்க. எங்க அத்தா மலேசியாவில் இருக்கார். அன்னைக்கு அவர் அந்த விமானத்தில் இல்லைன்னு தெரிஞ்சும், எங்க நன்னி இறங்குற வரைக்கும் தஸ்பீஹை கீழ வைக்கல.

பக்கத்து வீட்டு மாமா டிவியைப் பார்த்துக்கிட்டே கேட்டார்: "ரெண்டு மணி நேரமா உள்ள உக்காந்து என்னதான் பண்ணுவாங்க?"

எனக்கு அதுக்குப் பாதி பதில் தெரியும். படிப்பாங்க. காக்பிட்டில் க்யூ.ஆர்.எச்.னு ஒரு கையேடு இருக்கும். கோளாறுக்கு ஒரு பக்கம். எந்த விளக்கு எரிஞ்சா எந்தப் பக்கம்னு ஓரத்தில் டேப் ஒட்டியிருக்கும். ஒருத்தர் விமானத்தை ஓட்ட, இன்னொருத்தர் அந்தப் பக்கத்தை வரி வரியா சத்தமா வாசிப்பார். மனப்பாடமா தெரிஞ்சவர்தான். இருந்தாலும் வாசிப்பார்.

மீதிப் பாதி பதில் எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் கிடைச்சது. அதுவும் ஏரோப்ளேன்ல இல்ல, ஆஸ்பத்திரியில். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மேகத்துக்குள்ள போயிட்டு வரணும்.

கண்ணை நம்ப முடியாத இடம்

நான் பைலட் இல்ல. பிளஸ் டூ வரைக்கும் அந்த ஆசை இருந்தது. ஃபீஸ் எவ்வளவுன்னு விசாரிச்சோம், அப்புறம் இ.சி.இ. சேர்ந்துட்டேன். ஹாஸ்டல் லேப்டாப்பில் சிமுலேட்டர் ஓட்டுறதோட சரி. ஆனா என் மாமா மகன் ஒருத்தர் நிஜமாவே பயிற்சி எடுத்துக்கிட்டிருக்கார். இனி அவரை மச்சான்னே சொல்றேன். இதில் வர்ற விஷயம் பாதி அவர்கிட்ட கேட்டது, பாதி நானே உக்காந்து படிச்சது.

மார்கழி காலையில் கூத்தாநல்லூர்லேர்ந்து மன்னார்குடிக்கு பைக்கில் போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் வயல். வயல் மேல பனி. ரோட்டில் வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டையும் அழிச்சுட்டு, பைக்கை எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒண்ணா மாத்திட்டா, அதுதான் மேகத்துக்குள்ள பறக்கிறது. நம்ம உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு அங்க பொய் சொல்லும். விமானம் மெதுவா திரும்பிக்கிட்டே இருக்கும், நேரா போறோம்னு தோணும்.

1954-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதிச்சாங்க. கருவியைப் பார்த்துப் பறக்கிற பயிற்சி இல்லாத 20 பேர். வெளிய எதுவும் தெரியாதபடி மறைச்சுட்டு ஓட்டச் சொன்னாங்க. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க. சராசரியா அவங்க தாக்குப்பிடிச்ச நேரம் 178 விநாடி. மூணு நிமிஷம்கூட இல்ல.

அதனால மேகத்தில் போறவங்க உடம்பு சொல்றதை விட்டுட்டு கருவி சொல்றதை நம்பணும். இதுதான் இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங். பயணிகள் விமானம் எல்லாம் வெயில் நாளிலும் இந்த முறையில்தான் போகுது. சரி, கருவி வழி காட்டும். ஆனா எந்த அலைவரிசை, எந்தத் திசை, எத்தனை அடி வரைக்கும் இறங்கலாம், ரன்வே தெரியலன்னா எந்தப் பக்கம் திரும்பணும், இதெல்லாம் கருவிக்குத் தெரியாது. அது தாளில் இருக்கு. அந்தத் தாளை எப்படி அடுக்கி வைக்கிறாங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

தொடையில் கட்டின பலகை

மச்சான் ஒரு தடவை அவரோட நீபோர்டை எடுத்துக் காட்டினார். பரீட்சை அட்டை மாதிரி ஒரு சின்னப் பலகை, பின்னாடி ஒரு எலாஸ்டிக் பட்டை. அதைத் தொடையில் கட்டிக்கணும். கயிறு கட்டின பென்சில் ஒண்ணு, பாக்கெட்டில் இன்னொண்ணு.

"ஏன் மச்சான், பக்கத்து சீட்ல வெச்சா என்ன?"

"குனிஞ்சு எடுக்கணும்ல மாப்ள. மேகத்துக்குள்ள திரும்பிக்கிட்டு இருக்கும்போது தலையைச் சட்டுனு குனிஞ்சு நிமிர்ந்தா உலகமே உருளுற மாதிரி இருக்கும். அதான் தலை அசையாம கண்ணு மட்டும் இறங்குற இடத்துல தாள் இருக்கணும்."

இதுக்கு கோரியாலிஸ் மயக்கம்னு பேர். நாம மெக்கானிக்ஸ் பேப்பரில் அஞ்சு மார்க்குக்கு எழுதின அதே கோரியாலிஸ். அவர் பேர் ஒரு பலகையை மடியில் கட்ட வைக்கும்னு நான் நினைக்கல. தாள் எங்க இருக்குங்கிறதும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

அடுத்தது வரிசை. நம்ம நோட்ஸை எப்படி வைப்போம்? யூனிட் வாரியா, இல்லன்னா எந்த வரிசையும் இல்லாம. அவங்க தேவைப்படுற வரிசையில் வைக்கிறாங்க. முதல்ல கிளம்புற விமான நிலையத்தின் படம். அடுத்து வெளிய போற பாதை. அப்புறம் நடுவழி. அப்புறம் உள்ள நுழையற பாதை, இறங்குற முறை, கடைசியா இறங்கின பிறகு டாக்ஸி பண்ற வரைபடம். முடிஞ்ச தாள் பின்னாடி போயிடும். அப்ப மேல இருக்கிறது எப்பவும் அடுத்து வேண்டியது. கடைசியில், போக வேண்டிய ஊர்ல இறங்க முடியலன்னா போற மாற்று ஊரோட தாள். போக மாட்டோம்னு நினைக்கிற ஊருக்கும் தாள் தயாரா இருக்கும்.

எழுதுறதுக்கும் ஒரு முறை இருக்கு. கண்ட்ரோல்லேர்ந்து அனுமதி வர்றது மடமடன்னு வரும். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள்ல இதுக்கு 'க்ராஃப்ட்'னு சொல்லித் தர்றாங்க. தாளில் முன்கூட்டியே சி, ஆர், ஏ, எஃப், டின்னு அஞ்சு எழுத்தை மேலிருந்து கீழா எழுதி வெச்சுக்கணும். எதுவரைக்கும் அனுமதி, எந்த வழி, எந்த உயரம், எந்த அலைவரிசை, டிரான்ஸ்பாண்டர் எண் எது. குரல் வரவர காலியிடத்தை நிரப்பினா போதும். எது காலியா இருக்கோ அதைக் கேட்கலைன்னு அப்பவே தெரிஞ்சிடும். எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டணும்.

புது அலைவரிசை கொடுத்தா பழசை அழிக்கக்கூடாது, ஒரு கோடு மட்டும் போடணும். புதுசுல யாரும் பதில் சொல்லலன்னா பழையவர்கிட்ட திரும்பிப் போறதுக்கு அந்த எண் வேணும்.

காற்றழுத்தத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன், நீங்களும் போட்டுப் பாருங்க. உயரமானி வேலை செய்றதே காற்றழுத்தத்தை வெச்சுத்தான். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம்னா கிட்டத்தட்ட 27 அடி. உயரத்தில் போகும்போது எல்லா விமானமும் 1013-னு ஒரே அளவு வெச்சுக்கும். இறங்கும்போது அந்த ஊரோட அன்றைய அளவுக்கு மாத்தணும். புயல் சமயத்தில் அது 1003-னு வெச்சுக்குவோம். மாத்த மறந்துட்டா 10 ஹெக்டோபாஸ்கல், 270 அடி பிழை. சாதாரண ஐ.எல்.எஸ். முறையில் தரையிலிருந்து 200 அடி வரைக்கும் மேகத்திலேயே இறங்கலாம். அப்ப உயரமானி 270 அடின்னு காட்டும்போது சக்கரம் தரையில் இருக்கும். ஒரு நாலு இலக்க எண்ணைத் தாளில் எழுதி வட்டம் போட்டு வைக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அந்த 200 அடியில் ரன்வே விளக்கு தெரியலன்னா யோசிக்கக்கூடாது. மேலே ஏறிடணும். எந்தப் பக்கம், எத்தனை அடிக்கு? அதுவும் படத்தின் மேல்பட்டையில் இருக்கும். இறங்க ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே, நிதானமா இருக்கும்போதே, ரெண்டு பைலட்டும் அதைச் சத்தமா வாசிச்சு ஒத்துக்கிட்டிருப்பாங்க. அந்த 200 அடியில் புதுசா எதையும் முடிவு பண்றதில்ல. ஏற்கெனவே எடுத்த முடிவைச் செய்றாங்க, அவ்வளவுதான்.

பத்து சென்ட் நோட்டு, ஒரு எழுத்து

இந்தப் படங்களுக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கு. 1930-கள்ல அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டின எல்ரி ஜெப்பசன்னு ஒருத்தர். அப்ப பைலட்டுக்குன்னு தனி வரைபடம் ரொம்பக் குறைவு. ரோட்டையும் ரயில் பாதையையும் பார்த்து ஓட்டினாங்க. மேகம் வந்தா செத்தாங்க. இவர் பத்து சென்ட்டுக்கு ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். மலை எவ்வளவு உயரம், எந்த மைதானம் எவ்வளவு நீளம்னு எழுத ஆரம்பிச்சார். உயரமானியை எடுத்துக்கிட்டுப் புகைபோக்கி, தண்ணித்தொட்டி மேலெல்லாம் ஏறி அளந்தார். வழியில் இருக்கிற விவசாயிகளோட போன் நம்பரையும் குறிச்சு வெச்சார், அவங்க ஊர்ல மழையான்னு கேட்க. மத்த பைலட்கள் பிரதி கேட்க, 1934-ல் பத்து டாலருக்கு விற்க ஆரம்பிச்சார். இன்னைக்கு உலகம் முழுக்க விமானங்கள்ல இருக்கிற ஜெப்பசன் சார்ட் அந்த நோட்டோட வாரிசுதான்.

தாள் இருந்தும் ஒழுங்கு குலைஞ்சா என்ன ஆகும்ங்கிறதுக்கும் ஒரு கதை இருக்கு. 1995 டிசம்பர் 20. மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகரத்துக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. நெருங்குற நேரத்தில் கண்ட்ரோல், வேற ரன்வேயில் நேரா வந்து இறங்கலாமான்னு கேட்டது. சரின்னுட்டாங்க. அதுக்கான தாளை அவசரமா எடுத்தாங்க. அதில் ரோஸோங்கிற வழிகாட்டி நிலையத்துக்கு அடையாள எழுத்து 'ஆர்'. கம்ப்யூட்டரில் 'ஆர்' அடிச்சாங்க. கம்ப்யூட்டரின் பட்டியலில் 'ஆர்'னா ரோமியோ, அது பொகோட்டா பக்கத்தில் இருக்கிற வேற நிலையம். விமானம் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. ராத்திரி, சுத்தி மலை. 163 பேரில் 159 பேர் இறந்தாங்க.

நாம ரெண்டு வேரியபிளுக்கு ஒரே பேர் வெச்சா கம்பைலர் திட்டும். அங்க தாளும் கம்ப்யூட்டரும் ஒரே எழுத்துக்கு வேற வேற அர்த்தம் சொன்னதைத் தட்டிக்கேட்க ஒரு கம்பைலர் இல்ல. சரிபார்க்க நேரமும் இல்ல.

இப்ப பெரும்பாலும் டேப்லெட் வந்துடுச்சு. முன்னாடி ஒரு பைலட் தூக்கின பையோட எடை ஏறக்குறைய 35 பவுண்டு, அதாவது 16 கிலோ. அந்தப் பை போயிடுச்சு. ஆனா 2015 ஏப்ரலில் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸில், ஒரே விமான நிலையத்தின் படம் ரெண்டு தடவை ஏறினதால ஐபேட் ஆப் முடங்கி, டஜன் கணக்கில் விமானங்கள் தாமதமாச்சு. தாள் போய் திரை வந்தாலும் வரிசை போகக்கூடாது.

என் போனில் 63 போட்டோ

இப்ப ஆஸ்பத்திரி.

போன செமஸ்டர் லீவு. அம்மா ஒரு கல்யாணத்துக்கு அதிராம்பட்டினம் போயிருந்தாங்க. வீட்டில் நானும் நன்னியும்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு நன்னி எழுந்து உக்காந்து மூச்சு வாங்குறாங்க. பேச்சு வரல. பக்கத்து வீட்டு மாமாவை எழுப்பி, அவர் காரில் திருவாரூர் போனோம். வழியெல்லாம் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கல.

ட்யூட்டி டாக்டர் கேட்டது மூணே கேள்வி. என்ன நோய் இருக்கு? என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? எதுக்காவது அலர்ஜி உண்டா?

எல்லாம் என்கிட்ட இருந்தது. சத்தியமா இருந்தது. நன்னியோட ஒவ்வொரு சீட்டையும் நான்தான் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தப்ப 63 போட்டோ. லேப் ரெக்கார்டு, மீம், கிரிக்கெட் ஸ்கோர், ஃப்ரெண்டோட பிறந்தநாள் கேக், இதுக்கெல்லாம் நடுவுல. கை நடுங்க ஸ்க்ரோல் பண்றேன். 2022 சீட்டு வருது, புதுசு வரல.

"பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, அவ்வளவுதான்"னு சொன்னேன்.

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

உறுதியா சொன்னேன். அதுதான் இப்பவும் என்னை உறுத்துது. 'தெரியல'ன்னு சொல்லியிருக்கலாம். ஒரு ஊசி போடறதுக்கு முன்னாடி நர்ஸ் இன்னொரு தடவை அதையே கேட்டாங்க. அந்த நிமிஷம் போன் அடிச்சது. அம்மா. "அதுக்கு ஒரு மாத்திரை இருக்கேடா, நாலு மாசமா ராத்திரி சாப்பிடுறாங்களே, நீதானே கடைசியா வாங்கிட்டு வந்தே!"

ஆமா. நான்தான் வாங்கிட்டு வந்தேன்.

அவங்க ஊசியை மாத்தினாங்க. நன்னி நாலு நாள்ல வீட்டுக்கு வந்துட்டாங்க. அம்மா அந்த ஒரு நிமிஷம் தாமதமா கூப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் எந்த டாக்டர்கிட்டயும் கேட்கல. கேட்க தைரியம் வரல.

அப்பதான் டிவி முன்னாடி மாமா கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் தெரிஞ்சது. பயத்தில் இருக்கிற மூளை தேடாது. பதில் இல்லாத இடத்தில் தானா ஒரு பதிலைப் போட்டு நிரப்பிக்கும், அதை உறுதியா வேற சொல்லும். உள்காது மாதிரிதான். பைலட்டுக்கு அது முதல் நாளே தெரியும். அதனால பதற்றம் இல்லாத நேரத்தில், பதற்றப்படப்போற தனக்கு ஒரு தாள் எழுதி வைக்கிறார்.

இது எனக்குப் புதுசும் இல்ல. எங்க அத்தாவோட சபர் பையைச் சின்ன வயசிலேர்ந்து பார்க்கிறேன். ஜிப் வெச்ச பழைய கறுப்புப் பை. வாசல்ல காட்ட வேண்டிய டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் முதல்ல, அடுத்து கவுன்டருக்கு, அடுத்து இமிக்ரேஷனுக்கு, கடைசியில் எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ். முடிஞ்சது பின்னாடி போயிடும். தம்ரூட் டப்பாவை அம்மா எங்க திணிச்சாலும் பேச மாட்டார், அந்தப் பையில் மட்டும் கை வைக்க விடமாட்டார். "கேட்டா எடுத்துத் தரணும், தேடித் தரக்கூடாது"ம்பார். பத்து வருஷம் அதைக் கேட்டுட்டு 63 போட்டோவோட ஆஸ்பத்திரியில் நின்னேன்.

நன்னியின் சார்ட்

ஊருக்குத் திரும்பினதும் ஒரு தாள் போட்டேன். முதல் வெர்ஷன் ரெண்டு பக்கம், சின்ன எழுத்து, முழுக்க இங்கிலீஷ். எனக்கே பெருமையா இருந்தது. அம்மா கையில் கொடுத்தேன். பார்த்துட்டு, "இதை யாரு படிக்கணும், நீயா, நானா?"ன்னு கேட்டாங்க.

நியாயம். அன்னைக்கு நான் இருந்தேன், இன்னொரு நாள் அம்மா மட்டும் இருப்பாங்க. சரின்னு தமிழ்ல எழுத உக்காந்தேன். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அலர்ஜிக்குத் தமிழ் தேடி 'ஒவ்வாமை'ன்னு கண்டுபிடிச்சு எழுதினேன். "அலர்ஜின்னே எழுது. டாக்டருக்கும் புரியும், எனக்கும் புரியும்"னாங்க அம்மா. மாத்திரை பேர் மட்டும் சீட்டில் இருக்கிறபடியே இங்கிலீஷ் எழுத்தில். மீதி தமிழ்.

இப்ப ஒரே பக்கம். மேல்பட்டையில் பேர், வயசு, ரத்த வகை, அலர்ஜி. அதுக்குக் கீழ நோய்கள். அடுத்து மாத்திரைகள், காலை, மதியம், ராத்திரின்னு மூணு கட்டம், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைக்கு வட்டம். கீழ, முதல்ல எந்த ஆஸ்பத்திரி, அங்க முடியலன்னா எது, யார் கார், யாருக்குப் போன். ஓரத்தில் தேதி. பழசாயிட்ட மாத்திரையை அழிக்கிறதில்ல, கோடு போடுறேன். முன்னாடி என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேட்பார்.

விமானப் படங்களை உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறாங்க. பழைய படத்தோட பறக்கக்கூடாது. நன்னிக்கு மாசா மாசம் மாத்திரை வாங்குற நாளே எங்களுக்கு அந்த நாள். வாங்கிட்டு வந்ததும் சரிபார்த்துப் புதுத் தேதி போடணும். நான் ஹாஸ்டலில் இருக்கும்போது அம்மா போட்டுட்டு போட்டோ அனுப்புவாங்க. தாள் பீரோவுக்குள்ள இல்ல. கதவுக்குப் பக்கத்தில், கார் சாவி மாட்டுற ஆணியில், கிளிப் போட்டுத் தொங்குது. குனிய வேண்டாம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ப்ராஜெக்ட், பிளேஸ்மென்ட், அரியர்னு ஆயிரம் வேலை இருக்கும். கேலரியில் நூறு சீட்டு போட்டோவும் இருக்கும். அடுத்த தடவை வீட்டுக்குப் போறப்ப அரை மணி நேரம் எடுத்து ஒரே ஒரு தாள் எழுதுங்க. எழுதி முடிச்சதும், அதைப் பயன்படுத்தப்போறவங்க கையில் கொடுத்து, சத்தமா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவங்க எங்க தடுமாறுறாங்களோ, அந்த வரியைத்தான் மாத்தணும்.

நன்னிக்கு அந்தத் தாள் மேல ஒரு குறை உண்டு. போன வாரம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா வாசிச்சாங்க. "எழுவத்தினாலுன்னு போட்டிருக்கே. எனக்கு எழுவத்திரெண்டுதான்."

ஆதார் கார்டைக் காட்டினேன். ஆதார் தப்புன்னுட்டாங்க. இப்போதைக்கு அந்த எண் மேல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், அழிக்கல.